ஐந்து வருடத்தில் வந்துவிடும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. 22 வயதிலிருந்தே நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிக்கொண்டே போகிறது. இப்போது உச்சியிலும் லேசாகத் தோல் தெரிகிறது. அப்பாவுக்கு முழு வழுக்கை. அம்மாவின் அப்பாவுக்குக் கடைசி வரை அடர்த்தியான முடி. வழுக்கைக்கு வரப்போகும் மருந்துகள் பற்றிய செய்திகளை மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். எப்படியும் ஐந்து வருடத்தில் நிரந்தரத் தீர்வு வந்துவிடும் என்பதால், பக்கவிளைவுக்குப் பயந்து இப்போதுள்ள மருந்து எதையும் தொடவில்லை. ஆரம்பித்துவிட்டு நிறுத்தினால் இருப்பதும் கொட்டிவிடும் என்கிறார்கள். இதற்கிடையே ஒரு சிகிச்சை மையத்தில் 'ஸ்டெம் செல் ஊசி' போட்டால் இப்போதே சரியாகிவிடும் என்கிறார்கள். காத்திருக்கவா, ஊசி போட்டுக்கொள்ளவா?

பதில்: நான் தோல் மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்த வருடம், எங்கள் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னார்: "வழுக்கைக்கு இன்னும் ஐந்து வருடத்தில் முடிவு கட்டிவிடுவார்கள்." அப்போது எனக்கு முன்நெற்றியில் முடி இருந்தது. அதற்கப்புறம் அந்த ஐந்து வருடம் நாலைந்து தடவை வந்து போய்விட்டது. முடியும் போய்விட்டது. இப்போது என் மாணவர்கள் அதே கேள்வியைக் கேட்கும்போது அவர் சொன்ன பதில் என் வாய் வரைக்கும் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். ஆகவே நீங்கள் செய்தி சேர்த்து வைப்பதைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடமும் அப்படி ஒரு கட்டு இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இருப்பதைவிட நல்ல மருந்து ஒன்றிரண்டு இன்னும் சில வருடங்களில் வரும் என்றே நினைக்கிறேன். வழவழவென்று ஆகிவிட்ட தலையில் மறுபடி அடர்த்தியாக முடி முளைக்க வைக்கும் நிரந்தரத் தீர்வு பத்து வருடத்துக்குள் வரும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இந்த ஆரூடம் பலிக்கிறதா இல்லையா என்பது உங்கள் விஷயத்தில் அவ்வளவு முக்கியம் இல்லை. எந்த மருந்து வந்தாலும், அதுவரை ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவருக்குத்தான் அதனால் குறைவான பலன் கிடைக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

முடி கொட்டுகிறது என்று நாம் சொன்னாலும், பரம்பரை வழுக்கையில் நடப்பது கொட்டுவது அல்ல, சிறுத்துப்போவது. எல்லோர் தலையிலும் தினமும் 50 முதல் 100 முடி உதிரத்தான் செய்யும். ஏறக்குறைய ஒரு லட்சம் வேர்க்கால்கள் உள்ள தலையில் அது ஒரு கணக்கே இல்லை. ஒவ்வொரு வேர்க்காலும் இரண்டு முதல் ஆறு வருடம் வரை ஒரு முடியை வளர்க்கும். இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும். மூன்று மாதம்போல ஓய்வெடுக்கும். பிறகு பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். உங்கள் நெற்றியோரத்தில் இந்தச் சுற்று ஒவ்வொரு தடவையும் குறுகிக்கொண்டே வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்களுக்கு அது ஆகாது. முதல் சுற்றில் முடி கொஞ்சம் மெலிகிறது, அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம், கடைசியில் பூனைமுடியாகிவிடுகிறது. பிடரியில் உள்ள வேர்க்கால்களை அதே ஹார்மோன் ஒன்றும் செய்வதில்லை. முழு வழுக்கை விழுந்தவர்களுக்கும் காதோரமும் பிடரியும் தப்பிப்பது அதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. பருவமடையும் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் விழத் தொடங்குகிறது என்றும் ஜேம்ஸ் ஹாமில்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1942இல் எழுதினார். 1974இல் டொமினிக்கன் குடியரசில், பிறவியிலேயே அந்த நொதி குறைவாக உள்ள ஆண்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறியதாக இருந்தது, வழுக்கை இல்லை. அந்த நொதியை மாத்திரையால் அடக்கினால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் ஃபினாஸ்டரைடு. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் ஐந்தில் ஒரு பங்கு அளவில் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனி உங்களுக்கு முக்கியமான இடம். வழுக்கை விழுந்த தோலில் வேர்க்கால் செத்துப்போய்விட்டதா, தூங்குகிறதா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோட்சரேலிஸ் குழு 2011இல் இதற்கு ஒரு பதில் தந்தது. ஒரே ஆளின் தலையில் முடி உள்ள பகுதியையும் வழுக்கைப் பகுதியையும் ஒப்பிட்டார்கள். புதுச் செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இரண்டிலும் ஒரே அளவில் இருந்தன. அவற்றிலிருந்து உருவாகி முடியைக் கட்டவேண்டிய அடுத்த தலைமுறைச் செல்கள்தான் வழுக்கைப் பகுதியில் குறைந்திருந்தன. விதை இருக்கிறது, முளைக்க மறுக்கிறது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்துகிறதே, அந்தச் சின்னத் தசை ஒவ்வொரு வேர்க்காலோடும் ஒட்டியிருக்கும். வேர்க்கால் சிறுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தத் தசையின் பிடி விட்டுப்போகிறது. பிடி விட்ட வேர்க்கால் பழைய அளவுக்குத் திரும்புவது மிகக் கடினம் என்று இத்துறையில் பலர் கருதுகிறார்கள். என் அனுபவமும் அதையே சொல்கிறது: மூன்று வருடமாக மெலியும் இடத்தில் மருந்து பேசும், இருபது வருடமாகப் பளபளக்கும் இடத்தில் பேசாது.

இப்போது உங்கள் செய்திக்கட்டைப் பிரிப்போம். அதில் உள்ளவை எல்லாம் இரண்டே வகைதான்: இருக்கும் வேர்க்காலைக் காப்பாற்றுவது அல்லது எழுப்புவது, இல்லாத வேர்க்காலைப் புதிதாகச் செய்வது.

முதல் வகையில் இரண்டு பெயர்கள் உங்கள் கட்டில் நிச்சயம் இருக்கும். ஒன்று கிளாஸ்கோட்டெரோன். டிஹெச்டி வேர்க்காலில் போய் உட்காரும் இடத்தைத் தோலிலேயே அடைத்துவிடும் பூச்சுமருந்து. இதன் கிரீம் வடிவம் 2020இலேயே முகப்பருவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. தலைக்கான திரவம் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் வெற்றி பெற்றதாக 2025 இறுதியில் நிறுவனம் அறிவித்தது. மருந்து கலக்காத வெற்றுத் திரவத்தோடு ஒப்பிட்டால் ஓர் ஆய்வில் 539 சதவீதம், இன்னொன்றில் 168 சதவீதம் கூடுதல் பலன் என்றார்கள். ஒரே மருந்து, ஒரே மாதிரி ஆய்வு, இவ்வளவு வித்தியாசம் எப்படி? இந்தச் சதவீதம் உங்கள் தலையில் உள்ள முடியின் சதவீதம் அல்ல. வெற்றுத் திரவம் பூசியவருக்குக் குறிப்பிட்ட சதுரத்தில் ஒரு முடி கூடி, மருந்து பூசியவருக்கு ஐந்து முடி கூடினால், '400 சதவீதம் கூடுதல்' என்று தலைப்புப் போடலாம். கணக்கு தப்பில்லை. கண்ணாடியில் தெரிவது என்னவோ நாலு முடி. ஆகவே சதவீதத்தைப் பார்க்காதீர்கள்; ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை முடி கூடியது என்று தேடுங்கள். அந்த எண்ணை ஒரு செய்தி சொல்லவில்லை என்றால், அதைக் கட்டில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று பிபி 405. இது ஹார்மோன் பக்கமே போவதில்லை என்பதால் எனக்கே கொஞ்சம் ஆர்வம் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2017இல் ஒன்றைக் கவனித்தார்கள்: தூங்கும் ஸ்டெம் செல்லுக்குள் லாக்டேட் என்ற பொருளின் உற்பத்தி கூடினால் அது விழித்துக்கொள்கிறது. செல்லின் மின்நிலையம் எனப்படும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள், சர்க்கரை உடைந்து வரும் பைருவேட் நுழையும் வாசலை அடைத்தால், அந்தப் பைருவேட் லாக்டேட்டாக மாறும். இந்த மருந்து செய்வது அதுதான். 78 பேரிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில், அதிகம் முடி இழந்த ஆண்களில் 31 சதவீதம் பேருக்கு எட்டாவது வாரத்தில் முடி அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியது என்று 2025இல் அறிவித்தார்கள். வெற்று மருந்துக்காரர்களில் ஒருவருக்கும் அப்படிக் கூடவில்லை. நல்ல சகுனம். ஆனால் 31 சதவீதம் என்றால் மீதி 69 சதவீதம் பேரையும் நினைத்துப் பாருங்கள். எட்டு வாரம் என்பதும் முடி உலகில் ஒரு கண்சிமிட்டல். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் முடி வளரும்.

நான் இவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுவதற்கு முன்கதை உண்டு. கிண்ட்டார் என்ற சீன நிறுவனத்தின் பைரிலுட்டமைடு என்ற பூச்சுமருந்தைப் பலரும் ஆவலாக எதிர்பார்த்தார்கள். 2023இல் மூன்றாம் கட்ட ஆய்வு முடிந்தது. வெற்று மருந்தைவிடத் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. 2012இல் கோட்சரேலிஸ் குழுவே, வழுக்கைத் தோலில் புராஸ்டகிளாண்டின் டி2 என்ற பொருள் அதிகம் இருப்பதாகக் கண்டுபிடித்து உலகமெங்கும் தலைப்புச் செய்தி ஆனது. அதைத் தடுக்கும் செட்டிபிப்ரண்ட் மாத்திரையை மனிதர்களிடம் சோதித்தார்கள், முடி வளரவில்லை. எலிக்கு முடி முளைத்ததாக வரும் செய்திகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தச் சோதனை எலிகளுக்கு முதுகு முடி கூட்டமாக ஒரே நேரத்தில் தூங்கும், ஒரே நேரத்தில் விழிக்கும். கொஞ்சம் உறுத்தினாலே விழித்துக்கொள்ளும். அவற்றுக்கு நம் வழுக்கை வருவதும் இல்லை. எலிக்கு முடி வளர்ப்பதை நாம் எப்போதோ சாதித்துவிட்டோம்.

இரண்டாவது வகை, அதாவது புதிய வேர்க்கால் செய்வது, இதுதான் நீங்கள் 'நிரந்தரத் தீர்வு' என்று நினைப்பது. 1999இல் ஒரு அழகான சோதனை நடந்தது. காலின் ஜஹோடா என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தன் தலையிலிருந்து வேர்க்காலின் அடிப்பாகத்து உறைச் செல்களைக் கொஞ்சம் எடுத்து, சக ஆய்வாளரான அமாண்டா ரெனால்ட்ஸின் கையில் வைத்தார். அவர் கையில் முடி முளைத்தது! ஆராய்ந்தால் அதில் ஆணின் மரபணுவும் இருந்தது. அப்படியானால் ஒருவர் தலையிலிருந்து பத்து வேர்க்காலை எடுத்து, அந்தச் செல்களைக் கண்ணாடித் தட்டில் லட்சமாகப் பெருக்கி, வழுக்கையில் விதைத்துவிடலாமே? எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். முடியவில்லை. தட்டில் பரப்பிப் பெருக்கும்போது அந்தச் செல்கள் தங்கள் வேலையையே மறந்துவிடுகின்றன. அவற்றைத் தொங்கும் துளிக்குள் உருண்டையாகத் திரளவிட்டால் ஞாபகம் ஓரளவு திரும்புகிறது என்று ஜஹோடாவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் 2013இல் காட்டினார்கள். எலி முதுகில் ஒட்டிய மனிதத் தோலில் முடி வந்தது. அதன்பின் 2020இல் அமெரிக்காவில் கார்ல் கோலர் குழு ஸ்டெம் செல்லிலிருந்து முடியோடு கூடிய தோலையே ஆய்வகத்தில் உருவாக்கியது. விஞ்ஞானமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

ஆனால் வேர்க்கால் என்பது கருவிலேயே செய்து முடிக்கப்படும் ஓர் உறுப்பு. பிறந்த பிறகு புதிதாக ஒன்று உண்டாவதில்லை. மேல்தோலும் அடித்தோலும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டு கட்டும் கட்டடம் அது. ஆய்வகத்தில் கட்டியதைத் தலையில் வைத்தால் சரியான கோணத்தில் வெளியே வரவேண்டும், நிறம் பொருந்தவேண்டும், எண்ணெய்ச் சுரப்பி வேண்டும், ஒரு தடவை உதிர்ந்த பிறகு மறுபடி வளர வேண்டும், புற்றாக மாறக்கூடாது. இத்தனையும் பல்லாயிரம் வேர்க்கால்களில் நடக்க வேண்டும். ஜப்பானில் ரைகென் ஆய்வு நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் 2016இல் கைகோத்து, 2020ஐ இலக்காக அறிவித்தார்கள். 2020 வந்தது, போனது, எந்தத் தலையிலும் ஒன்றும் முளைக்கவில்லை. அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். வேலை அவ்வளவு கடினம்.

புழுவெட்டு விஷயத்தில் மட்டும் கதை வேறு மாதிரி போனது. அது நோய் எதிர்ப்புச் செல்கள் வேர்க்காலைத் தாக்குவதால் வருவது. 2014இல் கிறிஸ்டியானோ குழு வழி காட்டியது, 2022இல் பாரிசிட்டினிப் மாத்திரைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எட்டே வருடம். கடுமையான புழுவெட்டு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தலை பெரும்பாலும் நிறைகிறது. அந்தச் செய்திகளும் 'வழுக்கைக்கு மருந்து' என்ற தலைப்பில்தான் வரும். அது உங்களுக்கானது அல்ல. கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆக, அடுத்து வர வாய்ப்புள்ளவை எல்லாம் எழுப்பும் மருந்துகள். எழுப்புவதற்கு அங்கே ஆள் இருக்க வேண்டும். 26 வயதில் உங்கள் தலையில் பாதி மெலிந்த வேர்க்கால்கள் ஏராளமாக இருக்கும். இன்னும் ஐந்து வருடம் சும்மா இருந்தால் அவற்றில் எத்தனை திரும்ப முடியாத எல்லையைத் தாண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அந்தப் பந்தயம் கட்டமாட்டேன்.

இப்போது கையில் இருப்பவை இரண்டு. மினாக்ஸிடில் முதலில் இரத்தக் கொதிப்பு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துப் பூச்சுமருந்தாக்கினார்கள், 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5 சதவீதத் திரவம். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். பயந்துபோய் நிறுத்துபவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நிறுத்துகிறார்கள். ஓய்வில் இருந்த முடிகள் புது முடிக்கு வழிவிடுகின்றன, அவ்வளவுதான். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் இரத்தத்தில் டிஹெச்டியை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கிறது. வழுக்கை மேலும் பரவாமல் நிறுத்துவதில் இன்றைக்கும் அதுதான் பலமான ஆயுதம். உங்கள் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆரம்ப ஆய்வுகளில் பாலுறவு சார்ந்த தொந்தரவுகளைச் சொன்னவர்கள் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு சுமார் 4 பேர், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேர். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. சிலர் நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்கிறார்கள், அதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தற்கொலை எண்ணத்தையும் இந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்றாக ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதி செய்தது. உங்களுக்கு மனச்சோர்வு இருந்திருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அப்போது நான் மினாக்ஸிடிலோடு நிறுத்திக்கொள்வேன். இல்லையென்றால், விவரம் தெரிந்து, நேரில் பேசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடம்பையும் மனசையும் கவனித்துக்கொண்டு சாப்பிடுவதில் தப்பில்லை என்பது என் கருத்து.

நிறுத்தினால் கொட்டிவிடுமா? மருந்தால் கிடைத்தது சில மாதங்களில் போய்விடும், உண்மைதான். அப்படிப் போனபின் உங்கள் தலை எந்த மருந்தும் எடுக்காமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அந்த நிலைக்கு வரும். அதைவிட மோசமாகாது. மருந்து எடுத்த வருடங்கள் உங்களுக்கு இலாபம்.

ஊசி விஷயத்துக்கு வருவோம். ஸ்டெம் செல் ஊசியோ, செல்கள் வெளியிடும் நுண்பைகளைக் கொண்ட எக்ஸோசோம் ஊசியோ, பரம்பரை வழுக்கைக்கு அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் அனுமதி பெற்றது இன்றைக்கு எதுவும் இல்லை. ஜஹோடாவும் கிறிஸ்டியானோவும் ரைகென்காரர்களும் இத்தனை வருடம் முட்டிமோதி முடிக்காததை உங்கள் மையத்தில் ஒரு மதியத்தில் முடிக்கிறார்கள் என்றால், அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது, எங்கே தயாரானது, எந்த மூன்றாம் கட்ட ஆய்வு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு மாறிவிடும். முழுத் தொகையை முன்கூட்டியே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடி நடும் அறுவைசிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை. உங்கள் வயதில் நானும் அவசரப்படமாட்டேன். பிடரி முடி எங்கே நட்டாலும் பிடரி முடியாகவே இருக்கும் என்று நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதியது இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தக் கையிருப்பு அளவானது. வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் 26 வயதில் நெற்றியை நிரப்பினால், 40இல் முன்னால் ஒரு தீவும் பின்னால் ஒரு குளமுமாக ஆகிவிடும்.

முதல் வேலையாக ஒரு தோல் மருத்துவரிடம் உச்சந்தலையைக் காட்டி, இது பரம்பரை வழுக்கைதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு படம் எடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் புரியாது, நிம்மதிதான் போகும்.

தாத்தா விஷயம்: அம்மா வழியில்தான் வழுக்கை வரும் என்பது பாதி உண்மை. செல்லில் ஆண் ஹார்மோன் போய் உட்காரும் இடமான வாங்கியின் மரபணு அம்மா தரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அந்தப் பேச்சு வந்தது. 2017இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் ஆண்களை ஆராய்ந்ததில் வழுக்கையோடு தொடர்புள்ள 287 மரபணுப் பகுதிகள் தெரிந்தன. அவற்றில் 40தான் எக்ஸில். அப்பாவுக்கும் அதில் நல்ல பங்கு உண்டு.

இன்னொன்று. மருந்து வேண்டாம் என்றாலும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை மட்டும் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர். நீங்களும் அப்படி என்றால், இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் முடிவையும் அது தப்பாகக் காட்டக்கூடும். உடம்பில் பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளர்ந்து நான் பார்த்ததில்லை.